தொடக்க எறிவாளர் மோதல் (அடிபந்தாட்டம்)

பேஸ்பால் எனப் பரவலாக அறியப்படும் அடிபந்தாட்டத்தில், இரு அணிகளின் சார்பாகவும் ஆட்டத்தைத் தொடங்கும் எறிவாளர்கள் ஒருவருக்கொருவர் எதிராக அமைவது தொடக்க எறிவாளர் மோதல் எனப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் வெள்ளி முதல் ஞாயிறு வரை ஒரே திடலில் ஒரே எதிரணியுடன் மூன்று ஆட்டங்கள் ஆடுவது நெடுநாள் வழக்கம். இத்தகைய வார இறுதித் தொடர் தொடங்கும் முன்னரே மூன்று நாட்களுக்குமான ஆறு எறிவாளர்களின் பெயர்களும் பெரும்பாலும் வெளியிடப்பட்டு விடுகின்றன. யார் வெல்லக்கூடும் என்ற பேச்சு இப்பட்டியலிலிருந்தே தொடங்குகிறது. மோதல் என்று சொல்லப்பட்டாலும் இவ்விருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்பதில்லை. ஒருவர் எறிந்து முடித்து அமர்ந்த பின்னரே மற்றவர் மேட்டுக்கு வருகிறார்.

எறிவாளரின் பங்கு

துடுப்பாட்டம் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கு ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். துடுப்பாட்டத்தில் பந்துவீச்சாளர் ஓர் ஓவர் வீசிவிட்டு ஓய்வெடுத்து மீண்டும் வரலாம். அடிபந்தாட்டத்தில் ஒரே எறிவாளர் தொடர்ந்து எறிகிறார். மாற்றப்பட்டு வெளியேறினால் அந்த ஆட்டத்தில் அவர் மீண்டும் ஆட இயலாது. எனவே முதலில் வருபவர் எத்தனை இன்னிங்ஸ் தாக்குப்பிடிக்கிறார் என்பதைப் பொறுத்தே மேலாளரின் மற்றெல்லா முடிவுகளும் அமைகின்றன.

எறிவாளர் நிற்கும் பட்டைக்கும் மட்டையாளரின் தளத்துக்கும் இடையே உள்ள தொலைவு 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். 1893ஆம் ஆண்டு முதல் இது மாறவில்லை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் பந்து இத்தொலைவை ஏறத்தாழ 0.4 நொடியில் கடந்துவிடும். ஒன்பது மட்டையாளர்களும் இதைச் சமாளிக்க வேண்டும் என்பதால், ஒரு தனி ஆட்டத்தில் வேறெந்த வீரரையும் விடத் தொடக்க எறிவாளரின் தாக்கம் பெரிது. ஆனால் அவர் நாள்தோறும் ஆடுவதில்லை. அணி அதே அணிதான். ஆனாலும் வெள்ளிக்கிழமை அணியும் ஞாயிற்றுக்கிழமை அணியும் வெவ்வேறு வலிமை கொண்டவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

சுழற்சி முறை

முழு ஆட்டம் எறிந்த கை மீள்வதற்குச் சில நாட்கள் தேவைப்படுகின்றன. 1960கள் வரை நான்கு எறிவாளர்கள் முறைவைத்து எறிவதே பெரும்பாலான அணிகளின் வழக்கமாக இருந்தது. 1970களில் தொடங்கி ஐவர் சுழற்சி படிப்படியாக நிலைபெற்றது. ஐவர் சுழற்சியில் ஒருவருக்கு இரு ஆட்டங்களுக்கிடையே நான்கு முழு நாட்கள் ஓய்வு கிடைக்கிறது.

இதில் எளிய கணக்கு ஒன்று உள்ளது. வாரத்துக்கு ஏழு நாட்கள், சுழற்சிக்கு ஐந்து நாட்கள். ஓய்வு நாளே இல்லை எனக் கொண்டால், ஒரு வெள்ளிக்கிழமை எறிந்தவர் அடுத்து புதன், பின்னர் திங்கள், சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு என வந்து, 35 நாட்கள் கழித்தே மீண்டும் வெள்ளிக்கிழமைக்குத் திரும்புவார். எனவே ஒரு வார இறுதித் தொடரில் எதிரணியின் ஐவரில் எந்த மூவர் எதிர்ப்படுவர் என்பது பெரும்பாலும் நாட்காட்டியின் செயலேயன்றி எவருடைய திட்டமுமன்று. இரு அணிகளின் சுழற்சிகளும் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால், இரு அணிகளின் முதன்மை எறிவாளர்களும் ஒரு குறிப்பிட்ட நாளில் சந்திக்கும் வாய்ப்பு 25இல் 1. மூன்று நாள் தொடரில் அது 25இல் 3, அதாவது 12 விழுக்காடு. உண்மையில் ஓய்வு நாட்களும் மழையும் காயங்களும் இக்கணக்கைக் கலைக்கின்றன. இருப்பினும் இரு பெரும் எறிவாளர்கள் சந்திக்கும் ஆட்டம் ஏன் அரிதாக எண்ணப்படுகிறது என்பதை இது விளக்கும்.

ஜப்பானியத் தொழில்முறை ஆட்டங்களில் நிலைமை வேறு. அங்கு திங்கட்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் இல்லை. வாரத்துக்கு ஆறு ஆட்டங்கள், ஆறு எறிவாளர்கள். ஆகவே ஒருவர் வாரந்தோறும் ஒரே கிழமையில் எறிவது இயல்பாகிவிடுகிறது.

கல்லூரி ஆட்டங்களும் வெள்ளிக்கிழமை எறிவாளரும்

வார இறுதித் தொடர் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் கிடைப்பது அமெரிக்கக் கல்லூரி அடிபந்தாட்டத்தில்தான். மாணவர்கள் வகுப்புகளுக்குச் செல்ல வேண்டும் என்பதால், ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்த அணிகளுடனான முக்கிய ஆட்டங்கள் வார இறுதியில் மூன்றாக அடுக்கப்படுகின்றன. வாரத்தின் நடுவில் ஓரிரு ஆட்டங்கள் மட்டுமே இருக்கும். இதனால் மூவர் சுழற்சியே போதுமானது. ஒவ்வொருவருக்கும் ஆறு நாட்கள் ஓய்வும் கிடைக்கிறது. அணியின் மிகச் சிறந்தவர் வெள்ளிக்கிழமை எறிவார். வெள்ளிக்கிழமை எறிவாளர் என்பதே அங்கு ஒரு பட்டம் போல வழங்குகிறது. தொழில்முறை ஆட்டத்தில் நாட்காட்டியின் தயவை நாடும் முதன்மை எறிவாளர்களின் சந்திப்பு, இங்கு வாரந்தோறும் திட்டமிட்டே நிகழ்கிறது.

சனிக்கிழமை இரண்டாமவர் எறிவார். ஞாயிற்றுக்கிழமைக்கு யார் என்பதைப் பல பயிற்சியாளர்கள் கடைசி வரை சொல்வதில்லை. பட்டியலில் பின்னர் அறிவிக்கப்படும் என்று மட்டும் இருக்கும். முதல் இரு நாட்களில் மாற்று எறிவாளர்கள் எவ்வளவு பயன்படுத்தப்பட்டனர் என்பது தெரிந்த பின்னரே மூன்றாம் நாளை முடிவு செய்ய இயலும். வெள்ளிக்கிழமை எறிவாளர் ஏழு அல்லது எட்டு இன்னிங்ஸ் எறிந்துவிட்டால், அதன் பயன் அன்றைய வெற்றியோடு முடிவதில்லை. மற்றவர்களின் கைகள் ஞாயிறு வரை சேமிக்கப்படுகின்றன. முதல் நாளின் மோதலை மட்டும் பார்த்துவிட்டுத் தொடரைக் கணிப்போர் தவறவிடும் இடம் இதுவே.

அண்மைக் காலத்தில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் ஸ்கீன்ஸ். 2023ஆம் ஆண்டில் அவர் 209 மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் முறையில் வெளியேற்றினார். அவ்வாண்டு சூன் 22 அன்று ஒமாகா நகரில் நடைபெற்ற கல்லூரி உலகத் தொடரில் வேக் ஃபாரஸ்ட் அணியின் ரெட் லவுடரை அவர் எதிர்கொண்டார். வென்றவர்கள் இறுதிச் சுற்றுக்குச் செல்லலாம், தோற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும் என்ற நிலை. ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்சும் லவுடர் ஏழு இன்னிங்சும் எறிந்து, இருவரும் ஓர் ஓட்டமும் கொடுக்காமல் வெளியேறினர். 11ஆவது இன்னிங்சில் டாமி வைட் அடித்த ஹோம் ரன் மூலம் லூசியானா 2-0 என வென்றது. ஆட்டத்தின் முடிவு எறிவாளர்கள் இருவருமே களத்தில் இல்லாத நேரத்தில் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. மறு மாதம் நடைபெற்ற தொழில்முறைத் தேர்வில் ஸ்கீன்ஸ் முதலாவதாகவும் லவுடர் ஏழாவதாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

1912: உட்டும் ஜான்சனும்

எறிவாளர் மோதலையே விளம்பரமாக்கி மக்களைத் திரட்டிய தொடக்ககால நிகழ்வுகளில் மிகவும் புகழ் பெற்றது 1912 செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை அன்று பாஸ்டன் நகரின் ஃபென்வே பூங்காவில் நடைபெற்ற ஆட்டம். வாஷிங்டன் அணியின் வால்ட்டர் ஜான்சன் அந்தக் கோடையில் தொடர்ந்து 16 ஆட்டங்களில் வென்று லீகின் சாதனையைப் படைத்திருந்தார். பாஸ்டனின் ஜோ உட் தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்று அச்சாதனையை நெருங்கிக் கொண்டிருந்தார். அவருக்கு வயது 22.

முறைப்படி உட் எறிய வேண்டியது மறுநாள் சனிக்கிழமை. சாதனையைக் காக்க ஜான்சனுக்கே வாய்ப்பளிக்கப்பட வேண்டும் என்று வாஷிங்டன் மேலாளர் கிளார்க் கிரிஃபித் வெளிப்படையாக அறைகூவல் விடுத்தார். பாஸ்டன் மேலாளர் ஜேக் ஸ்டால் அதை ஏற்று உட்டை ஒரு நாள் முன்னதாகவே களமிறக்கினார். செய்தித்தாள்கள் குத்துச்சண்டை வீரர்களை ஒப்பிடுவது போல இருவரின் உடல் அளவுகளையும் அருகருகே அச்சிட்டன. இருக்கைகள் நிரம்பி வழிந்ததால் மக்கள் திடலுக்குள்ளேயே கயிறு கட்டி நிறுத்தப்பட்டனர். ஆறாவது இன்னிங்சில் டிரிஸ் ஸ்பீக்கரும் டஃபி லூவிசும் அடுத்தடுத்து இரு தளம் பெறும் அடிகளை அடிக்க, அந்த ஒரே ஓட்டத்தால் பாஸ்டன் 1-0 என வென்றது. உட் பின்னர் 16 வெற்றிகளை எட்டி ஜான்சனின் சாதனையைச் சமன் செய்தார்.

அவ்வாண்டு உட் 34 ஆட்டங்களில் வென்று 5இல் மட்டுமே தோற்றார். 344 இன்னிங்ஸ் எறிந்தார். உலகத் தொடரில் மேலும் மூன்று வெற்றிகள். மறு ஆண்டு அவருடைய வலக்கைக் கட்டைவிரல் முறிந்தது. அதன் பின் எறியும்போதெல்லாம் தோளில் வலி இருந்தது. வலியோடே சில ஆண்டுகள் எறிந்து, ஒரு கட்டத்தில் அதுவும் இயலாமல், கிளீவ்லாந்து அணியில் வெளிக்கள வீரராக மாறினார். 1912இன் பெருஞ்சுமையே அவர் கையைக் கெடுத்தது என்று உறுதியாகக் கூற இயலாது. விரல் முறிவு தனி நிகழ்வு. ஆயினும் இருபத்து மூன்று வயதில் உச்சத்தைக் கடந்துவிட்ட எறிவாளர் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அவர் பெயரே முதலில் சொல்லப்படுகிறது.

கதை இங்கு முடியவில்லை. உட் பின்னர் யேல் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக இருபது ஆண்டுகள் பணியாற்றி, நியூ ஹேவன் நகரிலேயே தங்கிவிட்டார். 1981 மே 21 அன்று, தமது 91ஆவது வயதில், யேல் திடலின் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து அவர் ஓர் ஆட்டத்தைப் பார்த்தார். நியூயார்க்கர் இதழின் எழுத்தாளர் ரோஜர் ஏஞ்சல் அருகில் இருந்தார். யேல் அணிக்காக ரான் டார்லிங்கும் செயின்ட் ஜான்ஸ் அணிக்காக ஃபிராங்க் வயோலாவும் எறிந்தனர். டார்லிங் 11 இன்னிங்ஸ் வரை எதிரணிக்கு ஒரு ஹிட்டும் கொடுக்கவில்லை. வயோலாவும் 11 இன்னிங்ஸ் ஓட்டமேதும் கொடுக்காமல் எறிந்தார். 12ஆவது இன்னிங்சில் டார்லிங் கொடுத்த முதல் ஹிட்டை அடித்தவரே தளங்களைத் திருடி முன்னேறி ஓட்டத்தையும் எடுக்க, செயின்ட் ஜான்ஸ் 1-0 என வென்றது. பின்னாளில் டார்லிங் 1986இல் உலகத் தொடரை வென்ற நியூயார்க் மெட்ஸ் அணியில் இருந்தார். வயோலா 1987 உலகத் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானார்.

அறிவிப்பும் ஏமாற்றும்

எறிவாளரின் பெயரை முன்கூட்டியே அறிவிப்பது எதிரணிக்கு ஒரு வசதி. வலக்கை எறிவாளருக்கு எதிராக இடக்கை மட்டையாளர்களும், இடக்கை எறிவாளருக்கு எதிராக வலக்கை மட்டையாளர்களும் பொதுவாக நன்றாக ஆடுகின்றனர். பந்து உடலை விட்டு விலகிச் செல்லாமல் உள்நோக்கி வருவதும், எறியும் கை தெளிவாகத் தெரிவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எனவே பெயர் தெரிந்தவுடன் எதிரணி மேலாளர் தமது வரிசையை அதற்கேற்ப அமைத்துக்கொள்கிறார். ஜப்பானில் மத்திய லீக் 2012ஆம் ஆண்டில்தான் முன்னறிவிப்பை ஏற்றுக்கொண்டது. பசிபிக் லீகில் அதற்கு முன்பே இவ்வழக்கம் இருந்தது.

இந்த வசதியையே பொறியாக மாற்றியவர்களும் உண்டு. 1924 அக்டோபர் 10 அன்று உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வாஷிங்டன் மேலாளர் பக்கி ஹாரிஸ், வலக்கையரான கர்லி ஆக்டனைத் தொடக்க எறிவாளராக்கினார். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி இடக்கை மட்டையாளர்களைக் கொண்டு வரிசை அமைத்தது. ஆக்டன் இரண்டே மட்டையாளர்களுக்கு எறிந்ததும் வெளியேற, இடக்கையரான ஜார்ஜ் மாக்ரிட்ஜ் உள்ளே வந்தார். அந்த ஆட்டத்தை 12 இன்னிங்சில் 4-3 என வாஷிங்டன் வென்றது. இறுதியில் எறிந்து வெற்றியைப் பெற்றவர், மேலே கூறிய அதே வால்ட்டர் ஜான்சன். 2018இல் மில்வாக்கி அணியும் தேசிய லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் வேட் மைலியை ஒரே ஒரு மட்டையாளருக்கு எறியவிட்டு மாற்றியது. அவர் மறு ஆட்டத்தையும் தொடங்கினார்.

அதே 2018ஆம் ஆண்டு மே 19, 20 நாட்களில், சனியும் ஞாயிறும், தாம்பா பே அணி வழக்கமாகக் கடைசியில் வரும் செர்ஜியோ ரோமோவை இரு நாட்களும் தொடர்ந்து ஆட்டத்தைத் தொடங்க வைத்தது. ஏஞ்சல்ஸ் அணியின் வலிமை மிக்க முதல் வரிசை மட்டையாளர்களை மட்டும் அவர் கவனித்துக்கொள்ள, நீண்ட நேரம் எறியக்கூடியவர் அதன் பின் வந்தார். இம்முறை பின்னர் பல அணிகளிலும் பரவியது. பட்டியலில் உள்ள பெயரே ஆட்டத்தின் பெரும்பகுதியை எறியும் என்ற நம்பிக்கை இதனால் ஆட்டங்கண்டது.

எண்களைப் படிக்கும் முறை

முன்னறிவிப்புப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு அருகிலும் வெற்றி தோல்வி எண்ணிக்கையும் ஈட்டிய ஓட்ட சராசரியும் தரப்படுகின்றன. எறிவாளரின் பொறுப்பில் சேரும் ஓட்டங்களை ஒன்பதால் பெருக்கி, அவர் எறிந்த இன்னிங்ஸ்களால் வகுத்தால் இச்சராசரி கிடைக்கும். 60 இன்னிங்சில் 20 ஓட்டங்கள் கொடுத்தவரின் சராசரி 3.00 ஆகும். களத்தடுப்பாளரின் பிழையால் வந்த ஓட்டங்கள் இதில் சேர்வதில்லை.

வெற்றி தோல்வி எண்ணிக்கை பார்ப்பதற்கு எளிது, ஆனால் மிகவும் ஏமாற்றக்கூடியது. தொடக்க எறிவாளர் வெற்றியைப் பெற குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் எறிந்திருக்க வேண்டும். அதோடு அவருடைய அணி ஓட்டங்களும் எடுக்க வேண்டும். பின்னது அவர் கையில் இல்லை. 2018இல் ஜேக்கப் டிகிராம் 1.70 என்ற சராசரியுடன் 10 வெற்றிகளும் 9 தோல்விகளும் பெற்றார். 2025இல் பிட்ஸ்பர்க் அணிக்காக ஆடிய ஸ்கீன்ஸ் 1.97 என்ற சராசரியுடன் 10 வெற்றி, 10 தோல்வி. இருவருக்குமே அவ்வவ்வாண்டின் சை யங் விருது வழங்கப்பட்டது.

இதன் உச்சம் 1965 செப்டம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நிகழ்ந்தது. சிகாகோ கப்ஸ் அணியின் பாப் ஹெண்ட்லி அன்று ஒரே ஒரு ஹிட் மட்டுமே கொடுத்தார். எதிரே எறிந்த சாண்டி கோஃபாக்ஸ் 27 பேரையும் தளம் ஏறவிடாமல் வெளியேற்றி முழுநிறை ஆட்டம் எறிந்தார். ஆட்டத்தின் ஒரே ஓட்டம் அந்த ஹிட்டினாலும் வரவில்லை. பந்து பிடிப்பாளரின் தவறான எறிதலால் வந்தது. ஹெண்ட்லியின் கணக்கில் ஒரு தோல்வி எழுதப்பட்டது. ஐந்து நாட்கள் கழித்துச் சிகாகோவில் அதே இருவர் மீண்டும் சந்தித்தபோது ஹெண்ட்லி 2-1 என வென்றார். இந்த இரண்டாவது ஆட்டத்தை நினைவில் வைத்திருப்போர் குறைவு.

அடிக்கப்பட்ட பந்து களத்தடுப்பாளரின் கையில் விழுவதா இல்லையா என்பதில் எறிவாளரின் பங்கு எண்ணியதை விடக் குறைவு என்று வோரோஸ் மெக்ராக்கன் 2001இல் எழுதினார். அதன் பின்னர் ஸ்ட்ரைக் அவுட், நான்கு தவறான எறிவுகளால் இலவசமாகக் கொடுத்த தளங்கள், ஹோம் ரன் ஆகிய மூன்றையும் தனியே பார்ப்பது பரவலாயிற்று. வார இறுதித் தொடர் ஒன்றை மதிப்பிட விரும்பும் மாணவர் இம்மூன்றிலிருந்து தொடங்குவதே நல்லது. குறிப்பிட்ட மட்டையாளர் ஒருவர் குறிப்பிட்ட எறிவாளருக்கு எதிராக 12 முறை ஆடி 6 ஹிட் அடித்தார் என்பது போன்ற செய்திகள் சுவையானவை. ஆனால் 12 என்பது எதையும் நிறுவப் போதாத எண்ணிக்கை. ஒரே எறிவாளரை மூன்றாவது முறையாக எதிர்கொள்ளும்போது மட்டையாளர்கள் பொதுவாக மேம்படுகின்றனர் என்பதோ பெருந்திரளான தரவுகளில் காணப்படுவது. இன்று தொடக்க எறிவாளர்கள் சராசரியாக ஐந்து இன்னிங்சுக்குச் சற்றே கூடுதலாக மட்டும் எறிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கையின் மீதான சுமை

மற்றொரு காரணம் முழங்கை. 1974 செப்டம்பர் 25 அன்று மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற எறிவாளரின் இடது முழங்கையில் சிதைந்த தசைநாருக்குப் பதிலாக அவருடைய மற்றொரு கையின் தசைநாண் ஒன்றைப் பொருத்தினார். 1976இல் திரும்பி வந்த டாமி ஜான் 1989 வரை ஆடினார். இச்சிகிச்சை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. ஜோ உட்டின் காலத்தில் கை போனால் போனதுதான். கோஃபாக்சும் மூட்டழற்சியால் 1966ஆம் ஆண்டுடன் 30 வயதில் ஓய்வு பெற்றார். அவர் தமது கடைசிப் பருவத்தில் எறிந்தது 323 இன்னிங்ஸ்.

கல்லூரி எறிவாளர்களைப் பொறுத்தவரை இக்கேள்வி கூர்மையானது. பயிற்சியாளருக்கு வேண்டியது இந்த வார இறுதியின் வெற்றி. எறிவாளரின் தொழில்முறை வாழ்வோ இன்னும் தொடங்கவே இல்லை. மேலே கூறிய 2023 ஆட்டத்தில் ஸ்கீன்ஸ் நான்கு நாள் ஓய்வுக்குப் பின் 120 பந்துகள் எறிந்தார். அதன் பின் இறுதிச் சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் அவர் எறியவில்லை. லூசியானா மூன்றாவது ஆட்டத்தை 18-4 என வென்று பட்டம் பெற்றது.

ஜப்பானில் லொட்டே ஓரியன்ஸ் அணியின் சோஜி முராட்டா 1983இல் ஜோப்பிடமே இச்சிகிச்சை செய்துகொண்டார். 1985இல் முழுமையாகத் திரும்பிய அவருக்கு அணி வாரத்துக்கு ஒரே ஆட்டம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும், என வரையறுத்தது. முதல் 11 ஆட்டங்களையும் அவர் வென்றார். அப்பருவத்தை 17 வெற்றிகள், 5 தோல்விகளுடன் முடித்தார். சண்டே சோஜி என்று அந்நாட்டு ரசிகர்கள் அவரை அழைத்தனர்.